கர்தமீலியில் எத்தனை நாள் தங்கலாம்?

கேள்வி: 11 பிப்ரவரி 2024

செப்டம்பரில் கிரேக்கம் போகிறோம். நான், மனைவி, அவளுடைய அப்பா, அம்மா. சாந்தோரினிக் கூட்டம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. தெற்கே மானிப் பக்கம் கர்தமீலி என்ற கடலோரக் கிராமம் நன்றாக இருக்கும் என்றார்கள். படங்களில் பார்த்தால் ஒரு தெரு, ஒரு தேவாலயம், கூழாங்கல் கரை, அவ்வளவுதான். "ஒரு ராத்திரி போதும், பார்க்க ஒன்றுமில்லை" என்கிறார் போய்வந்த நண்பர். உண்மையா? மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது.

12 பிப்ரவரி 2024, காலை

ஒரு ராத்திரிக்கு என்றால் போகவே வேண்டாம்.

ஏதென்ஸிலிருந்து கலமாத்தா வரை நல்ல நெடுஞ்சாலை, சுமார் 240 கிலோமீட்டர். அதற்கப்புறம் வரும் 35 கிலோமீட்டர்தான் ஆளை வாட்டும். தைகெத்தோஸ் மலையடிவாரத்தில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறி இறங்கி ஒரு மணி நேரம் ஆகிவிடும். மாமியாருக்குத் தலைசுற்றல் உண்டென்றால் ஒரு எலுமிச்சம்பழம் கையில் கொடுத்துவிடுங்கள். இவ்வளவும் கடந்து போய், சாயங்காலம் இறங்கி, சாப்பிட்டுத் தூங்கி, காலையில் பெட்டியைத் தூக்கினால் உங்கள் நண்பர் பார்த்ததுதான் உங்களுக்கும் கிடைக்கும்.

நாங்கள் 2023 செப்டம்பர் கடைசியில் போனோம், நானும் அம்மாவும். நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். அம்மா சாத்தூரிலிருந்து மூன்று மாதம் வந்திருந்தார். மூன்று ராத்திரிக்குத்தான் அறை எடுத்தோம், நீட்டி நீட்டி ஏழு ஆயிற்று. என் கணக்கில் ஆறு நாள் வையுங்கள். முதல் இரண்டு நாள் நீங்கள் ஊரைப் பார்ப்பீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஊர் உங்களைப் பார்க்க ஆரம்பிக்கும், காலை வணக்கம் அவர்கள் பக்கமிருந்து முதலில் வரும்.

கார் தேவையில்லை, எல்லாம் நடக்கிற தூரம். சைவம் பிரச்சினையே இல்லை. "நிஸ்தீசிமோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். பழைய ஸ்பார்ட்டா இருந்த லக்கோனியா மாவட்டத்து ஊர்தான் இது, ஒரு நாள் ஸ்பார்ட்டாவும் போய்வரலாம்.

12 பிப்ரவரி 2024, இரவு

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். மாமியார் விஷயம் என்பதால் நாளைக்கு வைக்கவில்லை.

நிஸ்தீசிமோ என்பது ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாடு. இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய் எதுவும் இருக்காது. ஆனால் இரத்தமில்லாத உயிர் என்ற கணக்கில் கணவாய், ஆக்டோபஸ், இறால், சிப்பி எல்லாம் அந்த விரதத்துக்கு ஆகும். எங்களுக்கு இது இரண்டாம் நாள் மதியம் தெரிந்தது. நான் அந்த வார்த்தையைச் சொன்னேன், பரிமாறியவர் தலையசைத்தார், தக்காளிக் குழம்பில் குட்டிக் குட்டிப் பாஸ்தாவாக ஒரு தட்டு வந்தது. அம்மா ஒரு கரண்டி எடுத்தார். பாஸ்தாவுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு கால், சட்டைப் பொத்தான் வரிசை மாதிரி வட்ட வட்ட உறிஞ்சிகளோடு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து வெறும் ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டார். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. பரிமாறியவர் மேல் தப்பே கிடையாது. நான் கேட்டதைத்தான் கொண்டுவந்தார்.

சரியான வார்த்தை "ஹோர்தோஃபாகோஸ்". கீரை காய் தின்பவர் என்று பொருள், சைவத்துக்கு அதுதான் வழக்கம். கூடவே "ஹோரிஸ்" என்று ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், "இல்லாமல்" என்று அர்த்தம். ஹோரிஸ் க்ரேயாஸ், இறைச்சி இல்லாமல். ஹோரிஸ் ப்சாரி, மீன் இல்லாமல். ஹோரிஸ் தலாசினா, கடல் உயிர் எதுவும் இல்லாமல். ஹோரிஸ் அவ்கா, முட்டை இல்லாமல். நான்கையும் தாளில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது.

கேட்க வேண்டிய பிரிவு "லதேரா", அதாவது ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கறி. யீகாந்தெஸ் என்ற பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியோடு அடுப்பில் சுட்டுத் தருவார்கள். ஃபாவா கிட்டத்தட்ட நம் பருப்புக் கடைசல், மேலே பச்சை வெங்காயமும் எண்ணெயும். ஹோர்தா என்பது வேகவைத்த காட்டுக்கீரை, எலுமிச்சை பிழிந்து. அம்மாவுக்கு இந்த மூன்றும் ஏழு நாளும் சலிக்கவில்லை. ஃபெத்தா என்ற பாலாடைக்கட்டியை உறைய வைக்க வழக்கமாக ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையைச் சேர்ப்பார்கள். அதையும் பார்ப்பவர் என்றால் மாமியாருக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

15 பிப்ரவரி 2024

இன்னொரு தவறு. கர்தமீலி லக்கோனியாவில் இல்லை, மெஸ்ஸேனியாவில் இருக்கிறது. மானி தீபகற்பத்தை இரண்டு மாவட்டங்களும் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. வடமேற்குப் பகுதி மெஸ்ஸேனியா, அரியோபொலியும் அதற்குத் தெற்கும் லக்கோனியா. நான் குழம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் இந்த ஊரை மெஸ்ஸேனியாவிடமிருந்து பிரித்து ஸ்பார்ட்டாவிடம் கொடுத்தார் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் நடந்துபோன பௌசானியாஸ் எழுதியிருக்கிறார். அதைப் படித்தது மனதில் தங்கிவிட்டது.

ஊரின் பெயர் அதற்கும் வெகுகாலம் முன்பே ஹோமரிடம் வந்துவிடுகிறது. இலியட்டின் 9ஆம் பகுதியில், கோபித்துக்கொண்டு போருக்கு வராமல் உட்கார்ந்திருக்கும் அக்கிலீஸைச் சமாதானப்படுத்த அகமெம்னன் ஏழு ஊர்களைத் தருவதாகச் சொல்கிறான். பட்டியலில் முதல் பெயர் கர்தமீலி. இத்தனை காலமாக ஒரே பெயர்.

பழைய ஊர் இப்போதைய தெருவிலிருந்து பத்து நிமிட நடை, ஆலிவ் மரங்களுக்கு நடுவே. மூர்த்சினோஸ் குடும்பத்தின் கோபுரவீடு, மதில், புனித ஸ்பிரிதோன் தேவாலயம், அதன் ஒல்லியான உயரமான மணிக்கூண்டு. எல்லாம் 18ஆம் நூற்றாண்டுக் கல். துருக்கியருக்கு எதிரான கிளர்ச்சிக்கு முன்னால், 1821 ஜனவரியில், கிளர்ச்சித் தலைவர் தியோடோரோஸ் கொலோகொத்ரோனிஸ் வந்து தங்கியது இங்கேதான். அங்கிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் பாறையில் வெட்டிய இரண்டு கல்லறைகள். புராணத்தில் வரும் காஸ்டர், பொலக்ஸ் இரட்டையருடையவை என்பது ஊர்ப் பேச்சு. அம்மாவின் முழங்கால் அதுவரைதான் இடம் கொடுத்தது. நிழலில் உட்கார்ந்து, பாறையில் உளி பட்ட கோடுகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். சாத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டும்போது பாறையில் இதே கோடு விழும் என்றார்.

மேலே போகும் கல்பாவிய பாதைக்குக் கல்தெரீமி என்று பெயர். கோவேறு கழுதைகளுக்காகப் போட்டது. அதில் அரை முக்கால் மணி நேரம் ஏறினால் ஆயியா சோஃபியா, பெத்ரோவூனி என்ற மலைக் குக்கிராமங்கள். நான் ஒரு காலையில் தனியாகப் போனேன். திரும்பிப் பார்த்தால் கடல், கூரைகள், ஊருக்கு எதிரே மெரோப்பி என்ற சின்னத் தீவு. பக்கவாட்டில் விரோஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. செப்டம்பரில் அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, வெள்ளை உருண்டைக் கல்லாகவே ஆறு ஓடுகிற மாதிரி இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் பழங்காலத்தில் ஸ்பார்ட்டாவுக்குப் பாதை போயிற்று. எனவே ஸ்பார்ட்டா விஷயம் முழுத் தவறில்லை, ஆனால் இப்போது காரில் போனால் கலமாத்தா சுற்றி மலையைக் கடக்க வேண்டும். அந்த நாளை ஊரிலேயே கழியுங்கள்.

18 பிப்ரவரி 2024

குளிக்கும் கரை பற்றிக் கேட்டவருக்கு. ஊருக்கு வடக்கே ரீத்சா, நீளமான கூழாங்கல் கரை. ரப்பர் காலணி அவசியம். பாறைப் பக்கம் கடல் முள்ளெலி இருக்கும், மிதித்தால் முள் உள்ளேயே ஒடியும். மணல்தான் வேண்டும் என்றால் தெற்கே ஸ்தூப்பா, அதன் பக்கத்தில் கலோக்ரியா. அங்கே கடலுக்கு அடியில் நன்னீர் ஊற்று வருகிறது. வெதுவெதுப்பாக நீந்திக்கொண்டே இருப்பீர்கள், திடீரென்று காலுக்குக் கீழே ஐஸ் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். கலோக்ரியா பக்கம்தான் 1917இல் கிரேக்க எழுத்தாளர் நிகோஸ் கசான்சாகிஸ் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் நடத்திப் பார்த்தார், ஜோர்பாஸ் என்ற தொழிலாளியோடு.

செப்டம்பர் கடைசியிலும் தண்ணீர் சூடு போகவில்லை. ஜூலை ஆகஸ்டில் போகாதீர்கள், ஆகஸ்ட் 15 மாதா பண்டிகையை ஒட்டி நாடே விடுமுறையில் இருக்கும்.

25 பிப்ரவரி 2024

"மதியம் எல்லாம் மூடிவிடுகிறார்கள், என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டரை மூன்று மணிக்குக் கடை சாத்துவார்கள். ஐந்து, ஐந்தரைக்குத்தான் மறுபடி திறப்பு. அந்த நேரத்தை அவர்கள் மெசிமேரி என்கிறார்கள், மத்தியானம் என்பதுதான் அர்த்தம், ஆனால் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். அப்போது தெருவில் சத்தமாகப் பேசுவது மரியாதைக் குறைவு. முதல் நாள் நான் பொறுமையில்லாமல் ஊருக்குள் சுற்றினேன், பூனைகளைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. அம்மா மாடி முற்றத்தில் பாயாகத் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மூன்றாம் நாள் நானும் படுத்தேன். கண்ணை மூடினால் சிள்வண்டு, எங்கோ ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம், கூழாங்கல்லை அலை பின்னுக்கு இழுக்கும்போது வரும் கரகரப்பு. அந்தக் கரகரப்பு மணல் கரையில் கேட்காது.

இதோடு ஒன்று சொல்லியாக வேண்டும். கிரேக்கத்தில் "நே" என்றால் ஆமாம். "ஓஹி" என்றால் இல்லை. ஆனால் பாதி நேரம் ஓஹி என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். புருவத்தை உயர்த்தி, முகவாயைக் கொஞ்சம் மேலே தூக்கி, நாக்கால் "ச்" என்று ஒரு சத்தம். காய்கறிக் கடையில் அத்திப்பழம் இருக்கிறதா என்று நான் சைகையில் கேட்டேன். கடைக்காரப் பெண்மணி புருவத்தை ஏற்றி "ச்" என்றார். என்னைச் சலித்துக்கொள்கிறார் என்று நினைத்து எனக்குச் சுருக்கென்றது. அம்மா பின்னாலிருந்து சாதாரணமாக, "இல்லையாம்டா, வா" என்றார். எங்கள் பக்கத்திலும் அப்படித்தானே, கடையில் பால் இருக்கா என்றால் வாயைத் திறக்காமல் ஒரு "ச்" வரும். ஆறு வருஷம் ஜெர்மனியில் இருந்ததில் அது எனக்கு மறந்துபோயிருந்தது. அதற்கப்புறம் அந்தக் கடையில் அம்மாதான் பேரம், நான் பை தூக்கினேன்.

இன்னொன்று, அவர்களுடைய "த" உச்சரிப்பு நமக்கு அப்படியே வரும். பதம் என்று சொல்லும்போது வரும் மெல்லிய த. என்னோடு வேலை செய்யும் ஜெர்மானியர்கள் அந்த ஊரைக் கர்டமீலி என்பார்கள். நீங்கள் கர்தமீலி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

3 மார்ச் 2024

கார் தேவையில்லை என்று எழுதியதையும் திருத்துகிறேன். ஊருக்குள் தேவையில்லை. ஏதென்ஸ் கிஃபிசோஸ் நிலையத்திலிருந்து கலமாத்தாவுக்குப் பேருந்து உண்டு, கலமாத்தாவிலிருந்து கர்தமீலி வழியாக ஸ்தூப்பா பக்கமும் உண்டு, ஆனால் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். தெற்கு மானி பார்க்க வேண்டுமானால் இரண்டு நாள் காராவது எடுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு வர வேண்டும். எங்களுக்குக் கலமாத்தாவில் ஒரு வாடகைக் கடையில் வண்டி பதிவு செய்தும் அரை நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று, எனவே சாயங்காலத்துக்குள் மலைச் சாலையைத் தாண்டும்படி நேரம் வையுங்கள்.

ஒரு நாள் தீரோஸ் குகைக்குப் போங்கள். நிலத்தடி ஆற்றில் படகில் உட்காரவைத்துத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போவார்கள், ஒரு கிலோமீட்டருக்கு மேல். சுண்ணாம்புத் தூண்கள் தலையை உரசும் இடங்களில் குனியச் சொல்வார்கள். மாமனார் உயரமானவர் என்றால் முன்வரிசை வேண்டாம்.

இன்னொரு நாள் தைனாரோ முனை. தீவுகளை விட்டுவிட்டால் கிரேக்கத்தின் தென்கோடி. கீழுலகமான ஹேடிஸின் வாசல் இங்கே இருந்தது, ஹெராக்ளிஸ் மூன்று தலை நாயை இந்த வழியாகத்தான் இழுத்து வந்தான் என்பது புராணம். பொசைடன் கோயில் இருந்த இடத்தில் அதே கற்களை எடுத்துக் கட்டிய ஒரு சின்னத் தேவாலயம் இடிந்து நிற்கிறது. ஜனங்கள் இன்றும் உள்ளே ஒரு மூலையில் காசு, சிப்பி, ரப்பர் வளையம், கையில் கிடைத்ததை வைத்துவிட்டுப் போகிறார்கள். அம்மா தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னைக் கழற்றி வைத்தார். கலங்கரை விளக்கம் வரை முக்கால் மணி நேர நடை, நிழலே இல்லை, வழியில் ரோமானியர் காலத்து மொசைக் தரை ஒன்று திறந்த வெளியில் கிடக்கிறது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் வாத்தியா. குன்றின் மேல் கோபுரவீடுகள் கூட்டமாக நிற்கின்றன. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், இன்று நேரமாகிவிட்டது.

10 மார்ச் 2024

ஏன் ஆறு நாள் என்று மறுபடி கேட்கிறீர்கள். சரி, முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் சாவி கொடுக்கும்போது ஆங்கிலத்தில் தடுமாறினார். நான் ஸ்டுட்கார்ட் என்றதும் சட்டென்று ஜெர்மனுக்கு மாறினார், அதுவும் எங்கள் ஊர் ஸ்வாபியப் பேச்சு வாடையோடு. 1960இல் கிரேக்கமும் மேற்கு ஜெர்மனியும் ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்ட பிறகு இந்த மலையூர்களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவரும் சின்ன வயதில் போய், பதினைந்து வருஷம் தையல் வேலை பார்த்துவிட்டு, அந்தக் காசில் இந்த வீட்டைக் கட்டியவர். பிள்ளைகள் இருவரும் இன்னும் அங்கேயேதான். அவரிடம் முதல் மூன்று நாள் பேசியது துண்டு, சுடுதண்ணீர், குப்பை பற்றி மட்டும்தான்.

நான்காம் நாள் சாயங்காலம் கீழே கூப்பிட்டுக் காபி போட்டார். ப்ரீக்கி என்ற நீளப்பிடிச் செம்பில் பொடியையும் தண்ணீரையும் சேர்த்தே கொதிக்கவிட்டு, நுரை ஏறும் நொடியில் இறக்குவது. வடிகட்டுவதில்லை. அடியில் மண்டி தங்கும் வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். சர்க்கரை இல்லாமல் ஸ்கேத்தோ, நடுத்தரம் மேத்ரியோ, தித்திப்பு க்ளிகோ. அம்மா மேத்ரியோ. மறுநாள் ஞாயிறு, மேலே எக்சோஹோரி கிராமத்தில் தன் சித்திக்கு நாற்பதாம் நாள், நீங்களும் வாருங்கள் என்றார். அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. துக்க வீட்டுக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்கக் கூடாது என்றார்.

பூசை எங்களுக்குப் புரியவில்லை. தூபம், மெழுகுவத்தி, நின்றுகொண்டே இருக்கும் கறுப்பு உடைப் பெண்கள். முடிந்ததும் வாசலில் எல்லோர் கையிலும் ஒரு சின்னக் காகிதப் பை கொடுத்தார்கள். உள்ளே கோலிவா. வேகவைத்த முழுக் கோதுமை, அதில் சர்க்கரை, பாதாம், உலர்திராட்சை, மாதுளை முத்து, பட்டைத் தூள். அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, ஒரு கோதுமையை விரலில் நசுக்கி, "பதம் சரியா இருக்கு" என்றார். அப்புறம் தேவாலயத்துக் கல் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பாட்டிகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் தன் பையையும் அம்மா கையில் வைத்தார்.

திரும்பும்போது காரில் வீட்டுக்காரம்மா சொன்னதுதான் விஷயம். மானிப் பெண்கள் செத்தவர் தலைமாட்டில் உட்கார்ந்து பாடும் பாட்டுக்கு மிரோலோயி என்று பெயர். விதியின் சொல் என்று பிரிக்கலாம். எழுதி வைத்ததைப் பாடுவதில்லை. இறந்தவரின் குணம், பட்ட கடன், யார் வரவில்லை, யார் கொன்றார்கள் எல்லாம் அங்கேயே கட்டிப் பாடுவது. கிரேக்கத்தின் மற்ற இடங்களில் பதினைந்து அசை வரி வழக்கம், மானியில் எட்டு அசைதான், குட்டையாக, அடிமேல் அடியாக. அவருடைய பாட்டி அதில் பேர் போனவராம். இப்போது பாட ஆளில்லை, சித்திக்கு யாரும் பாடவில்லை என்றார்.

நான் இதைத் தமிழில் சொன்னதும் அம்மா, "ஒப்பாரிதான" என்றார். கொஞ்ச தூரம் போனதும், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கள் அம்மாச்சி செத்தபோது பெரியம்மா பாடியதை மெல்லிய குரலில் எடுத்தார். பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். நான் அதைக் கேட்டு முப்பது வருஷம் ஆகிறது, அம்மாவுக்கு அது முழுதாக நினைவிருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்காரம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினார். மொழி புரியாது, ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் அம்மா குரல் இறங்கும் இடத்தில் அவரும் "ஆ" என்று சேர்ந்து இறங்கினார். முடிந்ததும் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே கத்தரிக்காய் என்ன விலை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், நான் நடுவில் மொழிபெயர்த்தேன்.

மூன்று ராத்திரியோடு கிளம்பியிருந்தால் அன்று நாங்கள் ஏதென்ஸில் இருந்திருப்போம்.

17 மார்ச் 2024

இன்று மார்ச் 17. அரியோபொலியில் 1821இல் மானியர் கிளர்ச்சிக் கொடி தூக்கிய நாளாக இதைத்தான் கொண்டாடுகிறார்கள். அடுத்த வாரமே, மார்ச் 23, கலமாத்தா அவர்கள் கைக்கு வந்தது. நாடு முழுக்க விடுதலை நாள் மார்ச் 25, ஆனால் மானியர்களிடம் கேட்டால் எட்டு நாள் முன்னால் நாங்கள் தொடங்கிவிட்டோம் என்பார்கள். அந்தப் பக்கம் போனால் சதுக்கத்தில் பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

7 ஏப்ரல் 2024

எக்சோஹோரியில் அந்த எழுத்தாளரின் அஸ்தி இருக்கிறதாமே என்று கேட்டவருக்கு: ஆம், புரூஸ் சாட்வின். 1989இல் இறந்தார், அங்கே புனித நிக்கோலஸ் பெயரில் உள்ள குட்டிப் பைசாந்தியத் தேவாலயத்துக்கு அருகே ஒரு ஆலிவ் மரத்தடியில் அஸ்தியை வைத்தார்கள். பலகை எதுவும் கிடையாது. கர்தமீலிக்குத் தெற்கே கலமீத்சியில் வீடு கட்டி வாழ்ந்தவர் அவர் நண்பர், எழுத்தாளர் பேட்ரிக் லீ ஃபெர்மர். உலகப் போரில், 1944இல் கிரீட் தீவில் ஒரு ஜெர்மன் தளபதியையே கடத்தியவர். 2011இல் காலமானார், வீட்டைப் பெனாக்கி அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டார். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கடலைப் பார்த்த தாழ்வாரம் அழகு என்று கேள்வி, நாங்கள் போகவில்லை, அந்த நாள் நாற்பதாம் நாளுக்குப் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

21 ஏப்ரல் 2024

வாத்தியா பற்றி எழுதுகிறேன் என்றது பாக்கி. அதைத் தள்ளிக்கொண்டே வந்ததற்குக் காரணம், எழுத எழுத முதல் நாள் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்ட ஒன்று உறுத்துகிறது.

அந்தக் கோபுரங்கள் அழகுக்குக் கட்டியவை இல்லை. குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் பழி. எதிரி வீட்டைவிட ஒரு மாடி உயர்த்தினால் அவன் கூரையில் கல்லெறியலாம், சுடலாம். ஆண் குழந்தையைத் "துப்பாக்கி" என்றே எண்ணுவார்கள். அறுவடைக்கும் ஆலிவ் பறிப்புக்கும் மட்டும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு சண்டையை நிறுத்துவது, அதற்கு த்ரேவா என்று பெயர். அம்மா இதைக் கேட்டதும், "நம்ம பக்கம் மட்டும் இல்லையா என்ன" என்று மட்டும் சொன்னார்.

வாத்தியாவில் இன்று வீடுகள் பெரும்பாலும் காலி. ஜன்னல் ஓட்டை வழியாக மறுபக்கம் வானம் தெரிகிறது. பழிச் சண்டையால் காலியாகவில்லை. மழை குறைந்த கல்காடு, ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் மரம், கொஞ்சம் பார்லி. பிரேயஸ் துறைமுகத்துக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். முதல் நாள் நான் அமைதியான ஊர், அமைதியான ஊர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். அந்த அமைதியில் ஒரு பங்கு, போனவர்களின் குரல் இல்லாத இடம். எங்கள் வீட்டுக்காரம்மா ஒரு நாள் மெசிமேரி நேரத்தில் மாடியில் நின்று, எதிரே மூடியிருந்த மூன்று வீடுகளைக் காட்டி, இவர்கள் மெல்போர்ன், இவர்கள் டுசெல்டார்ஃப், இவர்கள் செத்துவிட்டார்கள் என்றார். சாத்தூரில் எங்கள் தெருவையும் அம்மா இப்படித்தான் எண்ணுவார், அதில் ஒரு வீடு எனக்காகப் பூட்டியது.

கர்தமீலி வாத்தியா மாதிரி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைகள் இருக்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வெளிநாட்டார் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். ஊர் நடுவேதான் பிரதான சாலை, கோடையில் வண்டி ஓயாது. தீண்டப்படாத கிராமம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

22 ஏப்ரல் 2024

எண்ணெய் வாங்கலாமா என்ற கேள்விக்கு: கட்டாயம். எண்ணெய்க்குப் போடுவது கொரோனேய்கி என்ற சின்ன ஆலிவ், சாப்பிடும் கறுப்புக் கலமாத்தா ஆலிவ் வேறு மரம். பறிப்பு நவம்பரில் சூடு பிடிக்கும். செப்டம்பரில் வலைகள் மரக்கிளை கவட்டில் சுருட்டி வைத்திருக்கும், கிடைப்பது போன வருஷ எண்ணெய். தகர டப்பாவில் வாங்குங்கள், கைப்பையில் வைத்தால் விமானத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

6 அக்டோபர் 2024

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். ஐந்து ராத்திரி தங்கினார்களாம், மாமியார் ஃபாவாவும் ஹோர்தாவும் சாப்பிட்டாராம், தாளில் எழுதிய நான்கு வரியும் வேலை செய்ததாம். மிகவும் சந்தோஷம். ஒரு ஹோட்டலில் தங்கியதால் யாரோடும் அதிகம் பேச வாய்க்கவில்லை என்கிறார், ஆனால் மாமனார் தினமும் காலை காபிக் கடையில் ஒரு மீனவரோடு தாயக்கட்டை மாதிரி ஏதோ ஆடினாராம். அது தாவ்லி. மொழி இல்லாமலே ஆடலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தை அம்மாவிடம் காட்டினேன். காய்கறிக் கடை வாசல் படம். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். பெட்டியில் அத்திப்பழம் இருக்கிறது, ஒரு வாரம் முன்னால் போயிருக்கிறீர்கள் போல, எங்களுக்குத்தான் கிடைக்கவில்லை என்றார். வீட்டுக்காரம்மா ஈஸ்டருக்குப் பிள்ளைகளைப் பார்க்க ஸ்டுட்கார்ட் வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டார், அம்மா ஊரிலிருந்து வீடியோவில் நின்றுகொண்டு எனக்குச் சாம்பார் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது முறை ஊற்றட்டுமா என்று கேட்டேன். புருவத்தை ஏற்றி "ச்" என்றார். போனுக்குள்ளிருந்து அம்மா, "போதுமாம், விடு" என்றார்.